காலி செய்த வீட்டின் பெயர்

எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்த வீடியோ வருஷத்துக்கு இரண்டு முறையாவது வந்துவிடுகிறது. உலகத்தையே பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் குடும்பம், திகில் இசை, கறுப்பு வெள்ளைப் படங்கள். பேசும் குரல் மாறினாலும் ஒரு இடம் மட்டும் மாறுவதில்லை. ஜெர்மனியில் மேயர் பவுவர் என்று ஒரு பொற்கொல்லர் இருந்தாராம். கடை வாசலில் சிவப்புக் கேடயம் ஒன்றை மாட்டினாராம். பிறகு அதையே தன் குடும்பப்பெயராக மாற்றிக்கொண்டாராம். வங்கித் தொழிலில் பேர்போன ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தின் பெயர் அப்படித்தான் பிறந்ததாம்.

வீடியோவின் மற்ற பகுதி யூத வெறுப்பு என்ற பழைய சரக்கு. புது லேபிள் ஒட்டி வருகிறது, அவ்வளவுதான். இந்த ஒரு இடம் மட்டும் எடுத்து ஆராயத் தக்கது. ஆள், தொழில், பொருள், செயல் என நான்கும் இதில் இருப்பதால் உரசிப் பார்க்க முடியும். பார்த்தேன். ஆள் நிஜம். தொழில் தவறு. பலகை ஒன்று ஏறியது உண்மை, ஆனால் அதில் இருந்தது வேறு சின்னம். பெயர் மாற்றம் நடக்கவே இல்லை. மேயர் பிறப்பதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயரில் ஒரு வீடு இருந்தது. அதைவிட வேடிக்கை, மேயர் அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை.

முதலில் உச்சரிப்பு

ரோத்ஸ்சைல்ட் என்று நாம் எழுதுவது ஆங்கிலேயர் வாய்வழியாக நமக்கு வந்தது. அவர்கள் சொல்லைத் தப்பான இடத்தில் வெட்டிவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் மூன்று எழுத்துகள் சேர்ந்து 'ஷ்' என்ற ஒரே ஒலியைத் தரும். அந்த மூன்றில் முதல் எழுத்தை ஆங்கிலேயர் முன்பாதியோடு ஒட்டினார்கள். மிச்சத்தில் 'சைல்ட்' என்று ஒரு குழந்தை முளைத்துவிட்டது. ஜெர்மானியர் ரோட், ஷில்ட் என்றுதான் பிரிப்பார்கள். இனி நானும் ரோட்ஷில்ட் என்றே எழுதுகிறேன்.

ரோட் என்றால் சிவப்பு. இந்தச் சொல்லின் கடைசியில் முன்பெல்லாம் ஒலிக்காத 'ஹ' எழுத்து ஒன்றைச் சேர்த்து எழுதுவது ஜெர்மானியர் வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தம் அதை வேண்டாம் என்று நீக்கியது. அகராதியில் 'சிவப்பு' ஓர் எழுத்து இளைத்தது, குடும்பப்பெயரில் இளைக்கவில்லை. பதிவேட்டில் ஏறிய பெயரைச் சீர்திருத்தம் தொடாது. பழைய எழுத்துமுறை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஜெர்மன் குடும்பப்பெயர்களைப் பார்த்தால் போதும் என்று சொல்வது இதனால்தான்.

ஷில்ட் இன்னும் சுவாரசியமான சொல். ஜெர்மன் மொழியில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. ஆண்பால், பெண்பால், இரண்டிலும் சேராத மூன்றாம் பால். ஷில்ட் ஆண்பாலில் வந்தால் போர்வீரன் கையிலிருக்கும் கேடயம். மூன்றாம் பாலில் வந்தால் கடைப் பலகை, பெயர்ப் பலகை, சாலை ஓரத்துப் பலகை. பன்மைகூட இரண்டுக்கும் வேறு வேறு. சரி, நம் வீட்டுப் பெயரில் இருப்பது எந்தப் பால்? பெயரை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டின் முழுப்பெயர் 'ட்ஸும் ரோட்டன் ஷில்ட்'. 'ட்ஸும்' வரும் வேற்றுமையில் ஆண்பாலுக்கும் மூன்றாம் பாலுக்கும் ஒரே உருவம்தான். கேடயமா பலகையா என்ற கேள்வியை இலக்கணம் அப்படியே விழுங்கிவிடுகிறது.

வாசலில் இருந்த சிவப்பு அடையாளம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. 'செங்கேடயம்' என்று மொழிபெயர்த்த உடனே குதிரையும் வாளும் ரகசியச் சபையும் நம் கண்முன் வந்து நின்றுவிடுகின்றன. அங்கே குதிரை இல்லை. ஒரு சந்து இருந்தது.

சந்து

1462ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரசபை, ஊருக்குள் பிறரோடு கலந்து வாழ்ந்த யூதர்களைக் கிளப்பி, பழைய கோட்டை மதிலை ஒட்டிய வளைந்த சந்து ஒன்றில் குடியேற்றியது. யூடன்காஸ, அதாவது யூதர் சந்து. நீளம் சுமார் 330 மீட்டர், அகலம் மூன்று நான்கு மீட்டர், மூன்று வாசல்கள். இரவில் வாசல்களைப் பூட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்தவப் பண்டிகை நாட்களும் பூட்டுதான். தரை நகரசபையுடையது, கட்டிக்கொண்ட வீடு மட்டும் யூதருடையது.

குடும்பங்கள் பெருகின. சந்து நீளவில்லை. ஒரே வீட்டை நெடுக்கே இரண்டாகப் பிளந்தார்கள், பின்னால் இன்னொரு வீடு ஒட்டினார்கள், மேலே மாடி ஏற்றினார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த 330 மீட்டருக்குள் ஏறக்குறைய 3,000 பேர் இருந்தார்கள். திருவிழாக் கூட்டம் ஒன்று கலையாமல் அப்படியே குடும்பம் நடத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

இப்படி நெருங்கிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்துச் சொல்வது? வீட்டு எண் அப்போது கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எண் வந்தது 1759க்கும் 1763க்கும் நடுவில், ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுப் படை நகரத்தைப் பிடித்துவைத்திருந்த காலத்தில். சிப்பாய்களை வீடுவீடாகத் தங்கவைக்க அவர்களுக்குக் கணக்கு வேண்டியிருந்தது. அதுவரை வாசல் சின்னம்தான் முகவரி. கழுகு, வாத்து, தீக்கோழி, கப்பல், சட்டி, டிராகன் என்று ஆளுக்கொரு சின்னம். ஷில்டிலேயே சிவப்பு, பச்சை, கறுப்பு என்று வகைகள்.

சின்னம் வாசலோடு நிற்கவில்லை, இடுகாடு வரை போனது. ஃபிராங்க்ஃபர்ட்டின் பட்டோன் தெருவில் பழைய யூத இடுகாடு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு முதல் 1828 வரை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். எபிரேய எழுத்து வரிகளோடு சேர்த்து, இறந்தவர் வாழ்ந்த வீட்டின் சின்னத்தையும் செதுக்கிய கற்கள் அங்கே நிற்கின்றன. படிக்கத் தெரியாதவனும் பறவையைப் பார்த்தால் இன்ன வீட்டுக்காரர் என்று சொல்லிவிடலாம். உயிரோடு இருந்தபோது முகவரியாக இருந்தது, செத்த பிறகு பெயரின் பாதி. குடும்பப்பெயர் என்ற ஒன்று உருவாகிற கணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தக் கற்களைப் பார்க்கலாம்.

இதை யூத வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. ரைன், மைன் ஆற்றங்கரை நகரங்களில் எல்லோருக்கும் வீட்டுப்பெயர் உண்டு. பக்கத்து ஊரான மைன்ட்ஸில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பரம்பரையின் பெயர் கென்ஸ்ஃப்லைஷ்; அர்த்தம் 'வாத்துக்கறி'. குட்டன்பெர்க் என்பது குடும்பத்துக்கு இருந்த வீட்டின் பெயர். உலகம் வாத்துக்கறியை விட்டுவிட்டு வீட்டைப் பிடித்துக்கொண்டது. நல்ல முடிவுதான்.

ஜெர்மன் குடும்பப்பெயர்களில் பெரும்பகுதி இப்படிச் சாதாரண இடத்திலிருந்தே வந்தது. மாவரைத்தவர் ம்யூலர், இரும்படித்தவர் ஷ்மிட், நியூரம்பர்க்கிலிருந்து வந்தவர் நியூர்ன்பெர்கர், குள்ளமானவர் க்ளைன். கேலிப் பெயர்களும் நிலைத்தன. 1614 ஆகஸ்டில் இந்தச் சந்துக்குள் கும்பலோடு புகுந்து சூறையாடி யூதர்களை ஊரைவிட்டே துரத்தியவரின் பெயர் வின்ட்சென்ஸ் ஃபெட்மில்ஷ். தொழில் இஞ்சி ரொட்டி சுடுவது. பெயரின் அர்த்தம் 'கொழுப்புப் பால்'. 1616ல் பேரரசரின் ஆணைப்படி அவர் தலை வெட்டப்பட்டது. அதே நாளில் யூதர்கள் மேளதாளத்தோடு சந்துக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு நிபந்தனை உண்டு: 500 குடும்பங்களுக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு 12 கல்யாணத்துக்கு மேல் கூடாது.

ஒரு குடும்பம், மூன்று வீடு

எல்ஹானனின் மகன் இசாக் என்பவர் 1560களில் அந்தச் சந்தில் ஒரு வீடு கட்டினார். அதுதான் சிவப்பு ஷில்ட் வீடு. அவர் வழிவந்தவர்கள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அங்கே வாழ்ந்தார்கள். பேரன் நஃப்தாலி ஹெர்ட்ஸ் 1664ல் அதை விட்டுவிட்டு அதே சந்தில் 'ஹின்டர்ப்ஃபான்' என்ற வீட்டுக்குப் போனார். 'பின்சட்டி வீடு' என்று தமிழில் சொல்லலாம்.

முகவரிதான் பெயர் என்றால் அன்றே அவர்கள் ப்ஃபான் குடும்பம் ஆகியிருக்க வேண்டும். சந்தில் பலருக்கு அப்படித்தான் வீட்டோடு பெயரும் மாறியது. இவர்களோ சட்டி வீட்டில் உட்கார்ந்துகொண்டு சிவப்பு ஷில்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை. வியாபாரம் செய்யும் வீட்டுக்காரருக்கு, கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அறிந்த பெயர் ஒரு சொத்து என்பது என் ஊகம். கடையை இடம் மாற்றினாலும் போர்டை மாற்ற மாட்டார்கள் அல்லவா.

1711 ஜனவரியில் சந்தில் பெரும் தீ. ஒரே நாளில் ஏறக்குறைய எல்லா வீடுகளும் எரிந்தன. இசாக் கட்டிய சுவர்களும் அத்தோடு சரி. ஆக, மேயர் 1744ல் பிறந்தபோது நிலைமை இது: குடும்பம் வீட்டை விட்டு 80 ஆண்டுகள், வீடு எரிந்து 33 ஆண்டுகள். பெயர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இனி பவுவர். வீடியோக்காரர் இதை முழுக்கக் கற்பனை செய்யவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நஃப்தாலி ஹெர்ட்ஸுக்குப் பிறகு வந்த தலைமுறைகளில் ரோட்ஷில்ட் என்ற பெயரோடு பவுவர் என்ற பெயரும் புழங்கியிருக்கிறது. 'குடியானவர்' என்று அர்த்தம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின, பிறகு ஒன்று நின்றது, ஒன்று உதிர்ந்தது. வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இரண்டு பெயரோடு வளர்ந்தவர்களுக்கு இதில் மர்மம் எதுவும் தெரியாது. அரைகுறையாகத் தெரிந்த ஒரு விவரத்தை எடுத்து, அதை ஒரு மனிதரின் தந்திரமாக ஆக்கிவிட்டார்கள்.

அன்றாட வாழ்வில் சந்துக்காரர்களுக்குக் குடும்பப்பெயர் அவ்வளவு முக்கியமும் இல்லை. மேயர் ஆம்ஷல் என்றால் ஆம்ஷலின் மகன் மேயர். தந்தை ஆம்ஷல் மோசஸ், தாத்தா மோசஸ் கால்மன். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுத்தை முன்னால் போடுவதற்குப் பதில் முழுப்பெயரைப் பின்னால் போடுகிறார்கள். ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் இப்படியே இருந்தார்கள். அரசுகள்தான் வரிக்கும் ராணுவத்துக்கும் கணக்கு வேண்டி நிலையான குடும்பப்பெயரைத் திணித்தன: ஆஸ்திரியா 1787ல், நெப்போலியன் 1808ல், பிரஷ்யா 1812ல். ஃபிராங்க்ஃபர்ட் சந்துக்காரர்கள் இதற்கு விதிவிலக்கு. எந்த அதிகாரியும் பெயர் சூட்ட வருவதற்கு முன்பே அவர்களுக்கு வாசல் சூட்டிவிட்டது.

மேயர் மாட்டிய பலகை

ஆம்ஷல் மோசஸ் பட்டுத்துணி விற்றார், நாணயமும் மாற்றினார். மேயருக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள். அம்மை நோய் என்கிறார்கள். பையனை ஹனோவருக்கு ஓப்பன்ஹைம் குடும்பத்தின் கடைக்கு வேலை பழக அனுப்பினார்கள். ஏறக்குறைய இருபது வயதில் ஊர் திரும்பியவர் தொடங்கியது பழைய நாணய வியாபாரம். பொற்கொல்லர் தொழிலுக்கு அவர் போயிருக்கவே முடியாது. கைவினைத் தொழில்கள் கிறிஸ்தவச் சங்கங்களின் பிடியில் இருந்தன, அந்தச் சங்கங்களில் யூதருக்கு இடமில்லை.

பழைய நாணயம் சேர்ப்பவர்கள் யார்? அரசர்களும் பிரபுக்களும். பக்கத்து ஹானாவில் இருந்த பட்டத்து இளவரசர் வில்ஹெல்முக்கு நாணயப் பைத்தியம். அவருக்கு விற்று விற்று, 1769 செப்டம்பரில் 'அரசவை முகவர்' என்ற பட்டத்தை மேயர் கேட்டு வாங்கினார். சம்பளம் இல்லாத பட்டம்தான். ஆனாலும் அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். மேலே ஹெஸ்ஸ ஹானாவ் அரசச் சின்னம், கீழே பொன் எழுத்தில் 'எம். ஏ. ரோட்ஷில்ட், இளவரசரின் அரசவை முகவர்' என்ற வாசகம்.

வீடியோவின் மூலக்கரு இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பலகை ஏறியது நிஜம். ஆனால் அதில் ஏற்கெனவே ரோட்ஷில்ட் என்று எழுதியிருந்தது. அவர் இருந்ததோ சட்டி வீட்டில்.

கதை இங்கே இன்னும் ஒரு படி வேடிக்கையாகிறது. 1770ல் மேயர் குட்ல ஷ்னாப்பர் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். 19 குழந்தைகள் பிறந்து 10 பிழைத்தன. சட்டி வீடு போதவில்லை. 1780களின் நடுவில் சற்றுப் பெரிய வீடாகப் பார்த்து வாங்கிக் குடிபோனார். அந்த வீட்டின் பெயர் 'பச்சை ஷில்ட்'.

மேயர் வீட்டுச் சின்னத்தைப் பெயராக்கிக்கொள்ளும் ஆசாமியாக இருந்திருந்தால் இன்று உலகம் க்ரூன்ஷில்ட் என்று ஒரு பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். வாசலில் பச்சை, தலையில் சிவப்பு. பெயர் எப்போது முகவரியாக இருப்பதை விட்டுவிட்டுப் பெயராகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தருணம் கிடைக்காது.

பெரிய வீடு என்றேனே, அதன் முகப்பு அகலம் சுமார் 14 அடி. உண்மையில் அது பாதி வீடு. ஒரே கட்டடத்தின் மறுபாதி 'கப்பல்'. அதில் இருந்தவர்கள் ஷிஃப் குடும்பம், ஜெர்மனில் கப்பல் என்றே அர்த்தம். அறைகள் குறுகல், கட்டிலைச் சுவரோரம் மட்டுமே போட முடியும். பிள்ளைகள் ஐந்து நாடுகளில் மாளிகை கட்டிய பிறகும் குட்ல அந்த வீட்டை விட்டு நகரவில்லை. 1849ல் தொண்ணூறு தாண்டிய கிழவியாக அங்கேயே இறந்தார். பிரபுக்களும் வெளிநாட்டுப் பயணிகளும் அந்தப் பதினான்கு அடி வாசலைத் தேடி வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனதுண்டு.

பலகை கேடயமானது

மேயரின் ஐந்து மகன்கள் ஆம்ஷல், சாலமோன், நாதன், கால்மன், யாகோப். ஆம்ஷல் ஊரிலேயே இருந்தார். சாலமோன் வியன்னா, நாதன் லண்டன், கால்மன் நேப்பிள்ஸ், யாகோப் பாரிஸ். போன இடத்தில் சொந்தப் பெயரை மாற்றிக்கொள்ளச் சிலர் தயங்கவில்லை. கால்மன் கார்ல் ஆனார், யாகோப் ஜேம்ஸ் ஆனார். அப்பா வைத்த பெயர் ஊருக்கு ஏற்ப வளைந்தது. காலி செய்த வீட்டின் பெயர் வளையவில்லை.

வளையாததற்கு இப்போது காரணம் இருந்தது. 1810ல் நிறுவனத்தின் பெயர் 'மேயர் ஆம்ஷல் ரோட்ஷில்ட்டும் மகன்களும்' என்று ஆயிற்று. 1812ல் மேயர் இறப்பதற்குச் சற்று முன் எழுதிய உயில் இன்னும் கடுமை: மகள்கள், மருமகன்கள், அவர்கள் வாரிசுகள் யாருக்கும் வியாபாரத்தில் பங்கு கிடையாது, கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமைகூடக் கிடையாது. பெயரைச் சுமப்பவர்களுக்குள்தான் பணம் சுற்ற வேண்டும். ஐந்து மகள்களைப் பெற்றவர் இப்படி எழுதியதை அந்தக் காலம் என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. பிறகு மகன் ஜேம்ஸ் தன் அண்ணன் சாலமோனின் மகள் பெட்டியையே 1824ல் மணந்தார். பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே பெட்டிக்கு வரவில்லை.

1816ல் ஆஸ்திரியப் பேரரசர் பிரபுத்துவம் கொடுத்தார். பெயருக்கு முன் பிரபு என்று காட்டும் 'ஃபோன்' சேர்ந்தது. 1822ல் பாரன் பட்டம், அதோடு குலச்சின்னம். இரண்டு கட்டங்களில் ஐந்து அம்புகளைப் பற்றிய கை, ஐந்து மகன்களுக்காக. நட்டநடுவில் ஒரு சிறிய சிவப்புக் கேடயம். சந்து வாசலில் தொங்கியது கேடயமா பலகையா என்று இலக்கணம் சொல்ல மறுத்ததல்லவா, வியன்னாவின் குலச்சின்ன அலுவலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. அதற்குப் பிறகு யார் படம் போட்டாலும் கேடயம்தான். வீடியோவில் வருவதும் இந்த 1822ஆம் ஆண்டுக் கேடயமே. அதைத் தூக்கி மேயரின் கடை வாசலில் மாட்டிவிட்டார்கள்.

முன்னொட்டிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 'ஃபோன்', பாரிசிலும் லண்டனிலும் 'டெ'. 1919ல் இரண்டு குடியரசுகள் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்லின. ஆஸ்திரியா 'ஃபோன்' போடுவதையே தடைசெய்தது. ஜெர்மனி பிரபுத்துவத்தை ஒழித்துவிட்டு, அந்தச் சொல்லைச் சாதாரணக் குடும்பப்பெயரின் ஒரு துண்டாக வைத்துக்கொள்ள விட்டது.

சொந்த ஊரில் ஆண்வழி வற்றியது. 1901ல் வில்ஹெல்ம் கார்ல் மகனில்லாமல் இறந்ததும் ஃபிராங்க்ஃபர்ட் வங்கியை மூடினார்கள். அவர் மகளை மணந்த மாக்சிமிலியன் கோல்ட்ஷ்மிட் தன் பெயரோடு மாமனாரின் பெயரைச் சேர்த்து கோல்ட்ஷ்மிட் ரோட்ஷில்ட் ஆனார். மருமகன்களை வெளியே நிறுத்திய உயில் எழுதி 90 ஆண்டுகள் கழித்து, அந்த ஊரில் பெயரைக் காப்பாற்றியவர் ஒரு மருமகன். பொற்கொல்லர் என்று வீடியோ சொன்னது இந்த வகையில் மட்டும் பலித்தது. கோல்ட்ஷ்மிட் என்றால் பொற்கொல்லர்.

வீடியோக்காரர்களுக்கு முன்னோடி உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். வாட்டர்லூ போர்ச் செய்தியை முந்தித் தெரிந்துகொண்டு நாதன் ஒரே நாளில் லண்டன் சந்தையை விழுங்கினார் என்ற கதை, 1846ல் பாரிசில் 'சாத்தான்' என்ற புனைபெயரில் வந்த ஒரு துண்டுப்பிரசுரத்தால் பரவியது. போர் நடந்தது 1815ல். நாதன் இறந்தது 1836ல். மறுத்துப் பேச அவர் இல்லாதபோதுதான் கதை வேகம் பிடித்தது.

அக்கம்பக்கத்து வீடுகள்

ரோட்ஷில்ட் என்று பெயருள்ளவர்கள் எல்லோரும் அந்த வங்கிக் குடும்பம் என்று நினைப்பதும் பிழை. ஒரே வீட்டில் பல குடும்பங்கள் வாழ்ந்த சந்து அது. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சுற்றிய ஹெஸ்ஸ பகுதியில் இந்தப் பெயர் அபூர்வமும் இல்லை.

அதே சந்தின் 'கறுப்பு ஷில்ட்' வீட்டிலிருந்து வந்த பெயர் ஷ்வார்ட்ஷில்ட். 1873ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்த கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் வானியலாளர். முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்முனையில் இருந்துகொண்டே ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டு அனுப்பினார். 1916ல் அது வெளிவந்தது, அதே ஆண்டு நோயில் இறந்தார். கருந்துளை ஒன்றின் எல்லையைக் குறிக்கும் ஆரத்துக்கு இன்றும் அவர் பெயர். கருந்துளைக்குக் கறுப்புப் பலகைக்காரர் பெயர் அமைந்ததை யாரும் திட்டமிடவில்லை. மறுபாதி வீட்டுக் கப்பல்காரர்களில் ஒருவரான யாகோப் ஷிஃப் நியூயார்க் போய்ப் பெரிய வங்கியாளர் ஆனார்.

சிவப்புக்கும் அறிவியலில் இடம் உண்டு. லண்டன் கிளையின் வால்டருக்கு வங்கி கசந்தது, விலங்குகள் இனித்தன. ஒட்டகச்சிவிங்கியில் ஒரு வகையும் பாலித் தீவின் வெள்ளை மைனாவும் அறிவியல் பெயரில் அவரைச் சுமக்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட் சந்து வாசலிலிருந்து ஆப்பிரிக்க ஒட்டகச்சிவிங்கி வரை ஒரு பலகை போன தூரம் அது.

தெருவுக்கே பெயர் போனது

1796ல் பிரெஞ்சுப் பீரங்கிகள் சந்தின் வடபாதியை எரித்தன. அதன் பிறகு யூதர்கள் மெல்ல வெளியே பரவினார்கள். 1811ல் 4,40,000 குல்டன் (அன்றைய நாணயம்) விலை பேசி, அரசு அவர்களுக்குச் சம உரிமை கொடுத்தது. காலியாகிப் பாழடைந்த வீடுகளை 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இடித்துத் தள்ளினார்கள். 1885ல் தெருவுக்குப் பெயர் மாற்றினார்கள்: பியோர்ன தெரு. லூட்விக் பியோர்ன அந்தச் சந்தில் பிறந்த எழுத்தாளர். பிறந்தபோது பெயர் லோப் பாரூக்; 1818ல் அதை விட்டுவிட்டுப் புதுப்பெயர் வைத்துக்கொண்டார். பெயரை மாற்றிக்கொண்ட சந்துக்காரர் ஒருவரைத் தேடினால் மேயரைவிட இவர்தான் பொருத்தம். அந்த மாற்றிய பெயரே சந்துக்கும் வந்து சேர்ந்தது.

நாஜிகளுக்கு அதுவும் பொறுக்கவில்லை. 1935ல் பக்கத்துப் பியோர்ன சதுக்கம் டொமினிக்கன் சதுக்கம் ஆயிற்று. 1938 ஆகஸ்டில் யூதர்களின் பெயரிலேயே கை வைத்தார்கள். யூதர் என்று அடையாளம் காட்டாத முன்பெயர் உள்ள யூத ஆண்கள் இஸ்ரேல் என்றும் பெண்கள் சாரா என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும், 1939 ஜனவரி 1 முதல். வாசல் கொடுத்த பெயர், தகப்பன் கொடுத்த பெயர் எல்லாவற்றுக்கும் நடுவே அரசாங்கம் அடித்த முத்திரை அது. 1938 நவம்பரில் சதுக்கத்தின் யூத ஆலயத்தையும் எரித்தார்கள்.

தெருவில் மிச்சமிருந்த பச்சை ஷில்ட் வீட்டை குடும்பம் பழுதுபார்த்து நினைவிடமாக வைத்திருந்தது. 1944 குண்டுவீச்சில் அதுவும் போயிற்று.

1987ல் அங்கே நகராட்சிக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது சந்தின் அடித்தளங்கள் வெளியே வந்தன. கட்டடம் வேண்டாம், கற்களைக் காப்பாற்று என்று ஊரே சண்டை போட்டது. சமரசமாக ஐந்து வீடுகளின் அடித்தளத்தைக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்; 1992 முதல் அது அருங்காட்சியகம். கீழே இறங்கினால் நிலவறைச் சுவர், கிணறு, படிக்கட்டின் மிச்சம் எல்லாம் இருக்கின்றன. வெளியே இடுகாட்டு மதில் முழுக்கச் சின்னச் சின்ன உலோகக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் நாஜிகளால் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், மொத்தம் 11,000க்கும் மேல். ஆன் ஃபிராங்கின் பெயரும் அதில் உண்டு.

காப்பாற்றிய ஐந்து வீடுகளின் பெயர்கள்: கல் வீடு, வெந்நீர்க் குளியல், சிறு பருந்து, வெள்ளைக் கடா, சிவப்புக் கடா. சிவப்பு ஷில்ட் அந்த ஐந்தில் இல்லை.